மாசிப் பனியும் குஞ்சுக் கொட்டகைப் படுதாவும்

டிசம்பர் பிறந்தால் நாட்டின் வானிலைச் செய்தி முழுக்க வடக்கே போய்விடும். டெல்லியில் எத்தனை டிகிரி, அமிர்தசரஸில் எத்தனை மீட்டருக்கு மேல் சாலை தெரியவில்லை, எந்த ரயில் எத்தனை மணி நேரம் தாமதம் என்பதுதான் குளிர்காலச் செய்தி. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. அங்கே குளிர் ஆளைக் கொல்கிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறை குளிர் அலை என்று அறிவிக்க வைத்திருக்கும் அளவுகோலும் அந்த நிலத்துக்கு ஏற்றதுதான். சமவெளியில் குறைந்தபட்ச வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸுக்கு இறங்கியிருக்க வேண்டும், அதோடு வழக்கமான அளவைவிட 4.5 டிகிரியாவது சரிந்திருக்க வேண்டும்; அல்லது எந்தக் கணக்கும் இல்லாமல் 4 டிகிரியைத் தொட்டிருக்க வேண்டும். சேலம், நாமக்கல் பக்கம் ஜனவரி இரவுகளின் சராசரி 18, 19 டிகிரியை ஒட்டி நிற்கிறது. ஆகவே நமக்கென்று மஞ்சள், ஆரஞ்சு எந்த நிறத்திலும் குளிர் எச்சரிக்கை வருவதில்லை. இதை வைத்துப் பண்ணைக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிகிறார்கள். நம் ஊரில் ஏது குளிர் என்பது ஒரு கட்சி. மார்கழி முதல் தேதியன்றே குஞ்சுக் கொட்டகையைச் சாக்கும் தார்ப்பாயும் போட்டு மூடி, மாசி வரை திறக்காமல் இருப்பது இன்னொன்று. தீவனக் கணக்குப் போட்டுக் கொடுப்பதும் குஞ்சுக் கொட்டகை பார்த்து யோசனை சொல்வதும் பிழைப்பாகக் கொண்டவன் என்ற முறையில் இரண்டு கட்சியோடும் எனக்கு வழக்கு உண்டு. இந்தச் சமவெளியில் குளிரால் கெடும் குஞ்சைவிட, குளிருக்குப் பயந்து அடைத்த காற்றில் கெடும் குஞ்சு அதிகம். எனவே ஐந்து நாள் முன்னறிவிப்பை நான் முதலில் படிப்பது எந்த இரவில் மூட வேண்டியதில்லை என்று தெரிந்துகொள்ளத்தான்.

இங்கே குளிர் எப்படி வருகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். வடக்கே அது காற்றோடு வருகிறது. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து கிளம்பும் மேற்கத்தியக் கலக்கம் ஒன்று இமயமலையில் பனியைக் கொட்டிவிட்டு நகர்ந்ததும், அதன் பின்னால் வடமேற்குக் குளிர்காற்று கங்கைச் சமவெளிக்குள் இறங்கும். அந்தக் காற்று தக்காணத்தைக் கடந்து நம்மை அடைவதற்குள் பெரும்பாலும் சூடேறிவிடுகிறது. நம் குளிர் உள்ளூர்ச் சரக்கு. பகலில் வாங்கிய சூட்டை நிலம் இரவில் வானத்துக்குத் திருப்பிக் கொடுப்பதில் விளைவது. வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்து, காற்று உலர்ந்து, அசைவும் இல்லாவிட்டால் சூடு தடையில்லாமல் போகும், விடிவதற்குள் நிலம் சில்லிட்டுவிடும். மேகம் இருந்தால் போகவிடாது. வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்யும் டிசம்பரில் நாட்காட்டி மார்கழி என்று காட்டினாலும் இரவு 21 டிகிரிக்குக் கீழே இறங்காமல் இருப்பது அதனால்தான். வங்கக் கடலில் ஒரு தாழ்வு கிளம்பினால் நாமக்கல் இரவு வெதுவெதுப்பாகிறது. அது கரைந்து உலர்ந்த வடகிழக்குக் காற்று திரும்பினால் இரண்டே இரவில் நான்கு டிகிரி இறங்கிவிடும். இதற்கு மேல் மலை வேறு. சேலத்தைச் சுற்றிச் சேர்வராயன், கஞ்சமலை, ஜருகுமலை; நாமக்கல்லுக்குக் கிழக்கே கொல்லிமலை. சரிவில் குளிர்ந்த காற்று கனமாகி அடிவாரத்துப் பள்ளங்களில் வந்து தேங்கும். சேந்தமங்கலம் பக்கத்துத் தாழ்வான பண்ணையும் மோகனூர் ஆற்றங்கரைப் பண்ணையும் ஒரே மாவட்டம், ஒரே முன்னறிவிப்பு. விடியற்காலை வேறு வேறு.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையத்தில் இயங்கும் வானிலை ஆலோசனை மையம் வெளியிடும் அறிக்கையை இந்த மாவட்டத்தில் பண்ணை வைத்திருப்பவர்கள் அறிவார்கள். நாடு முழுவதும் செவ்வாயும் வெள்ளியும் வெளியாகும் வேளாண் வானிலை அறிக்கைகளில் இது ஒன்று. மற்ற இடங்களில் நெல்லுக்கும் பருத்திக்கும் யோசனை சொல்வார்கள், இங்கே கோழிக்கும் சேர்த்துச் சொல்கிறார்கள். கோழியின நோய் ஆய்வகத்துக்கு அந்த வாரம் வந்த இறந்த கோழிகள் எதனால் செத்தன என்பதும் பெரும்பாலும் அதிலேயே இருக்கும். வானிலையையும் பிரேதப் பரிசோதனையையும் ஒரே தாளில் அச்சடிக்கும் அறிக்கை வேறு எங்காவது உண்டா என்று தேடிப் பார்க்க வேண்டும். மழை, மேகம், அதிகபட்ச வெப்பம், குறைந்தபட்ச வெப்பம், காலை மாலை ஈரப்பதம், காற்றின் வேகம், திசை என்று அடுத்த ஐந்து நாளுக்கான எண்கள் வரிசையாக நிற்கும். எல்லோர் கண்ணும் குறைந்தபட்ச வெப்பத்துக்குத்தான் போகிறது. என் கண் முதலில் மேகத்துக்குப் போகும். வானத்தை எட்டுப் பங்காக்கி எத்தனை பங்கு மூடியிருக்கும் என்று தரும் எண் அது. குறைந்தபட்சம் 18 என்றும் மேகம் ஆறு பங்கு என்றும் போட்டிருந்தால் அந்த 18-ஐ நான் அவ்வளவாக நம்புவதில்லை, இரவு அதைவிடச் சற்றுச் சூடாகவே கழியும். 19 என்று போட்டு மேகம் பூஜ்யம், காற்று மணிக்கு 4 கிலோமீட்டர் என்றிருந்தால் உஷாராக வேண்டிய இரவு அதுதான். வெப்பநிலை முன்னறிவிப்பைச் சரிபார்க்கும் வழக்கமான முறையில் ஒரு டிகிரி வித்தியாசம் வரை சரி என்றும், இரண்டு டிகிரி வரை பயன்படக்கூடியது என்றும் எடுத்துக்கொள்வார்கள். அந்த இரண்டு டிகிரி இடைவெளிக்குள் எந்தப் பக்கம் சாயும் என்பதை மேகமும் காற்றும் சொல்லிவிடுகின்றன.

இனி குஞ்சு. பொரித்து வந்த குஞ்சுக்கு முதல் வாரம் புரூடர் என்ற சூடேற்றிக்கு அடியில் 95 டிகிரி பாரன்ஹீட் வேண்டும், பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைத்துக்கொண்டே வரலாம். இந்தக் கணக்கைத் தொழிலில் இருக்கும் எவரும் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் வல்லமை அதற்கு இறகு முளைத்த பிறகுதான் வருகிறது. ஆகவே முதல் இரண்டு வாரம் படுதா தேவையா என்ற கேள்வியே இல்லை, தேவை. ஆனால் படுதா சூடு தருவதில்லை, காற்றின் ஓட்டத்தைத் தடுக்கிறது, அவ்வளவே. சூடு புரூடரிலிருந்து வர வேண்டும். இந்த வேறுபாடு மறந்துபோனதும் மின்சாரத்தையோ கேஸையோ மிச்சம் பிடிக்கக் கொட்டகையை இறுக்கி மூடும் வழக்கம் வருகிறது. மூடிய கொட்டகையில் குஞ்சுகளின் மூச்சு ஈரம் வெளியே போக வழியில்லாமல் தரையில் பரப்பிய கூளத்தில் படிகிறது. நனைந்த கூளத்தில் எச்சம் சிதைந்து அமோனியா கிளம்புகிறது. பத்து லட்சத்தில் 25 பங்கைத் தாண்டினால் மூச்சுக்குழாயின் உட்சுவரில் இருக்கும் நுண்மயிர்கள் வேலை செய்வதை நிறுத்தத் தொடங்கும். உள்ளே போகும் தூசியையும் கிருமியையும் வெளியே தள்ள ஆள் இல்லாமல் போகும். அதன் பிறகு சி.ஆர்.டி. என்று நாம் சொல்லும் நாட்பட்ட சுவாச நோயும், பின்னாலேயே ஈ.கோலையும் வர நல்ல நேரம் பார்க்க வேண்டியதில்லை. கரி அடுப்பு வைத்திருந்தால் கார்பன் மோனாக்சைடு வேறு. கொட்டகைக்குள் போனதும் கண் எரிந்தால் அளவு எப்போதோ மீறிவிட்டது என்று அர்த்தம். நாள் முழுதும் உள்ளேயே வேலை பார்ப்பவரின் மூக்குக்கு அந்த வாடை பழகிப்போயிருக்கும் என்பதால் அவரைக் கேட்டுப் பயனில்லை.

இங்கே எழும் மறுப்பு நியாயமானது. காற்று கெடுவது மெதுவாக நடக்கும், குளிர் ஒரே இரவில் அடித்துவிடும். குஞ்சுகள் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கிச் சாவதைக் காலையில் போய் எண்ண வேண்டியிருக்கும். எனவே மூடியே வைப்பது பாதுகாப்பான பக்கம் தவறுவது என்பார்கள். தினமும் இரவு முழுவதும் குளிர் அடித்தால் நானும் ஒப்புக்கொள்வேன். ஜனவரியின் தெளிந்த இரவில்கூட இரவு பத்து மணிக்கு இங்கே குளிர் பெரிதாகத் தெரிவதில்லை. உண்மையான குளிர் பின்னிரவு இரண்டு மணியிலிருந்து காலை ஏழு, ஏழரை வரைதான். சூரியன் எழும்பும் நேரத்தையொட்டி அடிமட்டத்தைத் தொடும். அந்த ஐந்து மணி நேரத்துக்காக மாலை ஆறு மணிக்கே மூடிக் காலை ஒன்பதுக்குத் திறக்கும் கொட்டகை மிச்சப் பத்து மணி நேரம் சும்மா மூச்சடைத்துக் கிடக்கிறது. அதுவும் மேகம் சூழ்ந்த இரவென்றால் பதினைந்து மணி நேரமும் வீண்; ஈரப்பதம் அதிகமுள்ள அந்த இரவில்தான் கூளம் மேலும் நனையும். ஆக மூடுவதற்குக் காரணமே இல்லாத இரவில்தான் மூடுவதன் கேடு உச்சத்தில் இருக்கிறது. எப்போதும் மூடி வைப்பதைப் பாதுகாப்பு என்று சொல்ல முடியாததற்கு இதைவிட வேறு ஆதாரம் வேண்டாம். மூன்றாவது வாரத்துக்குப் பிறகு படுதாவை மேலிருந்து ஒன்றரை அடி இடைவெளி விட்டுக் கட்டுவதும், காற்றடிக்கும் பக்கத்தை மட்டும் மறைத்து எதிர்ப்பக்கத்தைத் திறந்து விடுவதும், மேகம் நான்கு பங்குக்கு மேல் என்று அறிக்கை சொல்லும் இரவுகளில் முழுவதுமாகச் சுருட்டி வைப்பதும் செலவில்லாத காரியங்கள். இரவுக் காவலுக்கு இருப்பவர் இரண்டு மணிக்கு எழுந்து போக வேண்டும், அது ஒன்றுதான் செலவு.

முட்டையிடும் கோழிக்குக் குளிர் வேறு வழியில் வருகிறது. பக்கச் சுவர் இல்லாத, கம்பிவலை அடித்த திறந்த கொட்டகையில் கூண்டில் நிற்கும் லேயர் கோழிக்கு 18 டிகிரி ஒரு துன்பமே இல்லை. சொல்லப்போனால் அதற்குப் பிடித்தமான எல்லையின் ஓரம். ஏப்ரல் வெயிலில் 40 டிகிரியில் மூச்சிரைத்து நிற்பதோடு ஒப்பிட்டால் தை மாதம் அதற்குச் சொர்க்கம். அதனால் என்ன செய்கிறது? சாப்பிடுகிறது. நாளைக்கு 105 கிராம் எடுத்த கோழி 110 எடுக்கும். ஒரு லட்சம் கோழி வைத்திருக்கும் பண்ணையில் இந்த 5 கிராம் ஒரு நாளைக்கு 500 கிலோ, மாதத்துக்கு 15 டன். கோழி தேடுவது எரிசக்தியை. நாம் பழைய கலவையையே கொடுத்தால் சேர்ந்து உள்ளே போவது சோயாவும் மெத்தியோனினும். தேவைக்கு மேல் போன புரதம் எச்சத்தில் நைட்ரஜனாக வெளியேறி மறுபடி அமோனியாவாகிறது. குளிரான பத்து நாட்கள் வரும் என்று தெரிந்தால் மக்காச்சோளத்தைக் கொஞ்சம் கூட்டிப் புரத விகிதத்தைக் கொஞ்சம் இறக்கி ஒரு கலவை போடலாம். இதற்கு ஐந்து நாள் அவகாசம் போதும், ஏனென்றால் தீவன ஆலையில் அரைத்த சரக்கு சிலோவில் நாலைந்து நாளுக்கு மேல் நிற்பதில்லை. பருவம் முழுமைக்கும் நவம்பர் இறுதியையோ டிசம்பர் தொடக்கத்தையோ ஒட்டி வெளியாகும் டிசம்பர்–பிப்ரவரி முன்னோட்டம் இந்த வேலைக்கு உதவாது. இயல்பைவிடச் சற்று வெப்பமாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று மூன்று மாதத்துக்கு ஒரு வரி சொன்னால் அதை வைத்து எந்தக் கலவையை மாற்றுவது?

மார்கழிக்குக் கிடைக்கும் பெயரில் பாதிகூட மாசிக்குக் கிடைப்பதில்லை. கெடுப்பது என்னவோ மாசிதான். டிசம்பரில் பகல் 29, இரவு 20 என்றால் வித்தியாசம் 9 டிகிரி. பிப்ரவரியில் பகல் 34 வரை ஏறிவிடும், இரவு இன்னும் 19-ஐ விட்டு நகர்ந்திருக்காது; வித்தியாசம் 15. மதியம் கொட்டகைக்குள் வியர்க்கும் மனிதன் குளிர் போய்விட்டது என்று தீர்மானித்துப் படுதாவை அவிழ்த்து மடித்து வைத்துவிடுகிறான். புரூடரையும் ஒரு வாரம் முன்பே நிறுத்திவிடுகிறான். இரண்டு மூன்று வாரக் குஞ்சு மதியம் வாய் பிளந்து மூச்சு வாங்குகிறது, விடியற்காலை ஒடுங்குகிறது. பகலில் தண்ணீர் அதிகமாகக் குடித்துத் தளர்வாக எச்சமிடுகிறது, இரவில் அந்த ஈரம் காய வழியில்லை. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்று ஊரில் சொல்வது கவிதைக்காக அல்ல, கவனித்துச் சொன்னது. மழை ஈரம் முழுக்க வற்றி, மேகம் ஒழிந்து, காற்று உலர்ந்த மாதத்தில் இரவு நிலம் சூட்டை விடும் வேகம் கூடுகிறது; அறிவியலும் அதைத்தான் சொல்கிறது. அறிக்கையின் குறைந்தபட்ச எண்ணை அதிகபட்ச எண்ணிலிருந்து கழித்துப் பார்க்கும் பழக்கம் ஒன்றை மட்டும் பண்ணைக்காரர்கள் பிடித்துக்கொண்டால் போதும். 12-க்கு மேல் போகும் நாட்களில் பகலில் முழுத் திறப்பு, பின்னிரவில் பாதி மறைப்பு, குடிநீரில் கவனம். நாட்காட்டியில் எந்த மாதம் என்பது இரண்டாம் பட்சம்.

முன்னறிவிப்புத் தவறுகிறதே என்ற குறை எப்போதும் வரும். தவறுவது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல் வலுவிழந்து உள்நாட்டுக்குள் நகர்ந்தபோது, நமக்குப் பக்கத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் கொட்டியது. சேலத்தில் திருமணிமுத்தாறு கரை மீறியது, ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தது. வட மாவட்டங்களில் கனமழை என்று சொல்ல முடிந்தது. ஊத்தங்கரை என்று ஊரைச் சுட்டி இரண்டு நாள் முன்பே சொல்லும் ஆற்றல் யாரிடமும் இல்லை. 2021 ஜனவரியில் பருவமழை 19-ஆம் தேதி வரை விலக மறுத்துப் பொங்கலன்றும் பெய்தது. டெல்டாவில் அறுவடைக்கு நின்ற நெல் சாய்ந்தது, இங்கே களத்தில் காய வேண்டிய ஜவ்வரிசி முடங்கியது. இந்த அனுபவங்களையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு குறைந்தபட்ச வெப்பநிலையையும் சேர்த்துத் தள்ளுபடி செய்வது சரியில்லை. மழை ஓர் ஊரில் பெய்து அடுத்த ஊரில் பெய்யாமல் போவது ஒரு மேகத்திரள் எழும்பும் இடத்தைப் பொறுத்தது. உலர்ந்த வானத்தின் கீழ் இரவு எவ்வளவு குளிரும் என்பதோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பரந்து கிடக்கும் காற்றின் ஈரத்தையும் மேகத்தையும் பொறுத்தது; அது ஒரே நாளில் தலைகீழாவதில்லை. குளிர்கால உலர் நாட்களில் வெப்பநிலைக் கணிப்பு இதனாலேயே மற்ற எல்லாக் கணிப்பையும்விட நம்பகமானது. மழையின் பாவத்தைப் பனியின் தலையில் கட்டக் கூடாது.

கைபேசியில் மணிக்கு மணி வெப்பம் காட்டும் செயலி இருக்கும்போது அறிக்கை எதற்கு என்று இளைய பண்ணைக்காரர்கள் கேட்கிறார்கள். செயலியில் வரும் எண்ணும் ஏதோ ஒரு கணினி மாதிரியின் கட்டத்திலிருந்து வருவதே. 2025 மே மாதம் நடைமுறைக்கு வந்த பாரத் முன்னறிவிப்பு அமைப்பு 6 கிலோமீட்டர் கட்டங்களில் கணக்கிடுகிறது; முன்பு இருந்தது 12. பாதியாகக் குறைந்தது பெரிய முன்னேற்றம், மறுக்கவில்லை. ஆனால் கொல்லிமலை 1,300 மீட்டர், அடிவாரம் 200 மீட்டர். இரண்டும் சில கிலோமீட்டருக்குள். 6 கிலோமீட்டர்க் கட்டத்தில் மலையும் அடிவாரமும் கலந்து ஒரு சராசரியாகிவிடும். அது மட்டுமல்ல, வானிலை நிலையத்து வெப்பமானி நிழல்கூண்டுக்குள் ஆள் மார்பளவு உயரத்தில் தொங்குகிறது, குஞ்சு நிற்பது தரையில். தெளிந்த இரவில் தரைமட்டம் அதைவிடச் சில டிகிரி கீழே இருக்கும். இந்த இடைவெளியை நிரப்ப எந்தச் செயலியாலும் முடியாது. குஞ்சின் முதுகு உயரத்தில் கட்டிய ஓர் உச்ச நீச வெப்பமானி நிரப்பும். ஒரு பருவம் அதன் எண்ணையும் அறிக்கை எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வந்தால் நம் பண்ணை எப்போதும் ஒன்றரை டிகிரி குறைவா, அரை டிகிரி கூடுதலா என்று தெரிந்துவிடும். மாவட்ட அளவில் இப்படி யோசனை சொல்ல அமைத்த 199 வேளாண் வானிலை மையங்களை 2024-ல் மூடிவிட்டார்கள். நாமக்கல் மையம் அந்தப் பட்டியலில் வராத பழைய அமைப்பைச் சேர்ந்தது என்பதால் நமக்குத் தப்பியது. மற்ற மாவட்டத்துக்காரர்கள் எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு அர்த்தத்தைத் தாங்களே தேட வேண்டியதாயிற்று.

இவ்வளவு சொன்னதால் வடநாட்டுக் குளிர் நமக்குச் சம்பந்தமில்லாதது என்று ஆகிவிடாது. பஞ்சாபுக்கும் பீகாருக்கும் லோடு ஏற்றிப் போகும் நாமக்கல் லாரிக்காரருக்கு வடக்கின் ஐந்து நாள் அறிக்கைதான் உயிர். பார்வைத் தொலைவு 200 மீட்டருக்குக் கீழே போனால் அடர்ந்த மூடுபனி, 50-க்கும் கீழே போனால் மிக அடர்ந்தது. அந்தச் சொல் அறிக்கையில் வந்துவிட்டால் ஆக்ராவுக்கு அப்பால் இரவில் ஓட்டக் கூடாது என்று ஓனர் இங்கிருந்தே போனில் சொல்லிவிட வேண்டும். முட்டை விலையும் அங்கே கட்டுப்பட்டது. வடக்கில் குளிர் இறுகினால் முட்டை நுகர்வு கூடுகிறது. 1982-ல் தொடங்கிய தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு மண்டலவாரியாக வெளியிடும் விலையில் அது தெரியும். சபரிமலை மாலை போட்டுத் தமிழ்நாடும் கேரளமும் பாதி முட்டையை ஒதுக்கும் மாதங்களில் விலை விழாமல் தாங்குவது வடநாட்டுக் குளிர். டெல்லியின் 6 டிகிரி நம் விலையைத் தீர்மானிக்கிறது, நாமக்கல்லின் 18 டிகிரி நம் செலவைத் தீர்மானிக்கிறது. வியாபாரி முதலாவதைப் படிப்பான்; பண்ணைக்காரன் இரண்டையும் படித்தாக வேண்டும்.

கடைசியாக ஒரு மறுப்பு, இருப்பதில் வலுவானது. பெரிய பண்ணைகள் உள்ளே சூழலை இயந்திரமே கட்டுப்படுத்தும் ஈ.சி. ஷெட்டுக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. நான்கு பக்கமும் அடைத்து, ஒரு முனையில் ஈரத் திரை, மறுமுனையில் ராட்சத மின்விசிறி, உள்ளே கணினி. அங்கே யார் இரண்டு மணிக்கு எழுந்து படுதா கட்டப் போகிறார்கள்? உண்மைதான், கோடையை அந்தக் கொட்டகை வென்றுவிட்டது. குளிர்காலத்தில் அதே கொட்டகையில் விசிறியை எவ்வளவு குறைப்பது என்ற கேள்வி வருகிறது. சூட்டைக் காக்க விசிறியைக் குறைத்தால் அமோனியா, காற்றைக் காக்க ஓட்டினால் கேஸ் செலவு. சாக்குப் படுதாவின் பழைய கணக்கேதான், திரையில் வேறு எழுத்தில். குறைந்தபட்சக் காற்றோட்டம் என்று கட்டுப்பாட்டுப் பெட்டியில் வைக்கும் எண்ணைப் பலர் நவம்பரில் ஒருமுறை வைத்துவிட்டு மார்ச் வரை தொடுவதில்லை. மேகம் சூழ்ந்த 21 டிகிரி இரவுக்கும் தெளிந்த 16 டிகிரி இரவுக்கும் ஒரே எண். செவ்வாயும் வெள்ளியும் அறிக்கை வந்ததும் அதை மாற்றுவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.